விருந்தினரின் தட்டு: பயணத்திலும் உறவினர் இல்லத்திலும் உணவு நலம்

விடுமுறைக் காலமும் பண்டிகைக் காலமும் நம் நாட்டில் உறவுகளைத் தேடிச் செல்லும் காலங்கள். ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் தில்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா என வெவ்வேறு நகரங்களில் பணிபுரிவது இன்று இயல்பாகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெற்றோர் பிள்ளைகளின் இல்லத்திற்கும், பிள்ளைகள் சொந்த ஊருக்கும் சென்று சில நாட்கள் தங்கி வருகின்றனர். பயணச்சீட்டு, பரிசுப்பொருள், கைச்செலவுக்கான தொகை ஆகிய அனைத்தையும் வாரக்கணக்கில் திட்டமிடும் நாம், அந்த நாட்களில் எதை, எப்போது, எவ்வளவு உண்பது என்பதை மட்டும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

நல்ல உடல்நிலையில் இருப்பவர்க்கு இதனால் பெரிய கேடு நேர்வதில்லை. இரண்டு நாள் வயிற்று மந்தம், ஒரு கிலோ எடை கூடுதல் என்பதோடு முடிந்துவிடும். ஆனால் நம் குடும்பங்களில் அத்தகையோர் எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு, 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். மேலும் சுமார் 13.6 கோடிப் பேர் அதன் முன்நிலையில் உள்ளவர்கள். 31 கோடிக்கும் மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. ஆகவே, பயணம் புறப்படும் ஏறக்குறைய எந்தக் குடும்பத்திலும் உணவில் கவனம் தேவைப்படும் ஒருவராவது இருப்பார் என்றே கொள்ள வேண்டும். அவருடைய நலமும் கெடாமல், அன்புடன் பரிமாறுவோர் மனமும் நோகாமல் நடந்துகொள்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கே கணக்குத் தவறுகிறது?

பயணக் காலத்தில் உடல்நலம் கெட்டால், "அன்று ஒரு ஜிலேபி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டேன்" என்று ஒரு பண்டத்தின் மீது பழி போடுவது வழக்கம். உண்மையில் அங்கே மூன்று மாற்றங்கள் ஒன்றாக நிகழ்கின்றன.

முதலாவது, நேரம். இல்லத்தில் காலை எட்டு, பகல் ஒன்று, இரவு எட்டு என்று உண்டு பழகியவர், வண்டி தாமதமானால் பகலுணவை மூன்று மணிக்கு உண்கிறார். வட மாநிலங்களில் பல இல்லங்களில் இரவுணவு ஒன்பதரை, பத்து மணிக்கே தொடங்கும். இரண்டாவது, எண்ணிக்கை. மூன்று வேளை உணவு என்பது, இடையிடையே வரும் சிற்றுண்டிகளைச் சேர்த்து ஆறு, ஏழு வேளையாகிவிடுகிறது. மூன்றாவது, அளவு தெரியாமை. நம் சமையலறையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய் என்பது நமக்குத் தெரியும். பிறர் சமைத்த உணவில் அது தெரிவதில்லை.

இம்மூன்றில் உடனடி ஆபத்து உள்ளது முதலாவதில்தான். இன்சுலின் செலுத்திக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரும் மருந்தை எடுத்துக்கொண்ட பின் உணவு தாமதமானால், இரத்தச் சர்க்கரை அபாய அளவிற்குத் தாழ்ந்துவிடக்கூடும். இனிப்பு மிகுவதால் வரும் தீங்கு மெல்ல வருவது; உணவு தாமதிப்பதால் வரும் தீங்கு அரை மணி நேரத்தில் வந்து நிற்பது. ஆதலால், விருந்தினராகச் செல்லும் நீரிழிவாளர் முதலில் காக்க வேண்டியது இனிப்பைக் குறித்த விரதத்தை விடவும் உணவு நேரத்தையே.

புறப்படும் முன்னர்

சென்னையிலிருந்து தில்லியில் உள்ள மகன் வீட்டிற்குச் சென்று, மூன்று வாரம் தங்கி வரத் திட்டமிடும் அறுபது வயது கடந்த தம்பதியரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கணவருக்கு நீரிழிவு, மனைவிக்கு இரத்த அழுத்தம். இவர்கள் புறப்படும் முன் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, மருத்துவரிடம் ஓர் ஆலோசனை. உணவு நேரம் மாறினால் எந்த மருந்தை எப்போது எடுப்பது, உணவு வராவிட்டால் எந்த மருந்தைத் தவிர்ப்பது, வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் எந்த மாத்திரைகளை நிறுத்திவைப்பது என்பனவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இவை ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யலாகாது.

இரண்டாவது, செல்லும் இல்லத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பலரும் தயங்குவது இங்கேதான். "அவர்களுக்கு ஏன் தொந்தரவு?" என்று எண்ணி எதையும் சொல்லாமல் சென்று, உணவு மேசையில் ஒவ்வொன்றாக மறுக்கும்போதுதான் உண்மையான தொந்தரவு தொடங்குகிறது. ஆசையுடன் சமைத்து முடித்த பின்னர் மறுக்கப்படுவது எவரையும் வருத்தும். சமைப்பதற்கு முன் தெரிவிக்கப்படுவது வருத்தாது, உதவியாகவே அமையும். "எனக்கு மட்டும் இரவு எட்டு மணிக்கே இரண்டு சப்பாத்தி போட்டுவிடு, அம்மா. நீங்கள் எல்லோரும் வழக்கம்போல் உங்கள் நேரத்திற்குச் சாப்பிடுங்கள்" என்று மாமியார் மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், இருவருக்கும் அந்த மூன்று வாரங்கள் எளிதாகும். எது வேண்டாம் என்ற நீண்ட பட்டியலைவிட, எது வேண்டும் என்ற சிறு பட்டியலே கேட்பவர்க்கு உகந்தது.

மூன்றாவது, கைப்பை. மருந்துகள் பயண நாட்களுக்கு வேண்டியதைவிட ஒரு வாரத்திற்குக் கூடுதலாக இருக்க வேண்டும். அவை எப்போதும் கையோடு இருக்கும் பையிலேயே இருக்க வேண்டும். விமானத்தில் செல்வோர் இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பி அல்லது பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரி செல்சியசுக்கு உட்பட்ட வெப்பத்தில் நான்கு வாரம் வரை கெடாது. கோடைப் பயணத்தில் அதைக் குளிர்காப்புப் பையில் வைத்துக்கொள்ளலாம். பனிக்கட்டி நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி வைப்பது அவசியம்.

வழியில்: கட்டுச்சோற்றின் அறிவு

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மறுநாள் பகல் முழுவதும் ஓடி, மூன்றாம் நாள் காலையில் புதுதில்லியை அடைகிறது. ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். சுமார் 33 மணி நேரம். திப்ருகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் விவேக் எக்ஸ்பிரஸ் நான்காயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, மூன்று இரவுகளைக் கடக்கிறது. இத்தகைய தொலைவுகளைக் கொண்ட நாட்டில், வழியுணவு என்பது ஒவ்வொரு பகுதி மக்களும் தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்திய கலை.

நம் புளியோதரையையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் போலவே, குஜராத்தியர் வெந்தயக்கீரையும் தயிரும் சேர்த்துப் பிசைந்த தேப்லாவையும், நீர்ப்பசை இல்லாமல் மொறுமொறுப்பாகச் சுட்ட காக்ராவையும் எடுத்துச் செல்கின்றனர். பீகார் மக்களின் பையில் வறுத்த கொண்டைக்கடலை மாவாகிய சத்து இருக்கும். தண்ணீர், எலுமிச்சை, சிறிது உப்பு சேர்த்துக் கலக்கினால் உணவாயிற்று. இவற்றை ஒப்பிட்டு நோக்கினால் ஓர் ஒற்றுமை விளங்கும். எல்லாம் புளிப்பு மிகுந்தவை, அல்லது ஈரம் குறைந்தவை. நோய்க்கிருமிகள் பெருகுவதற்கு ஈரமும் மிதமான வெப்பமும் வேண்டும். புளிப்பு அவற்றைத் தடுக்கும். தேங்காய் அரைத்த சட்னியும், பால் சேர்ந்த பண்டமும், குழைந்த வெண்பொங்கலும் வழியுணவாக அமையாததற்குக் காரணமும் இதுவே.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அறிவுரை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. குறிப்பாக, சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் அவ்வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சைப் பின்னர் சூடாக்கியும் போக்க முடியாது. ஆகவே சோற்றை எடுத்துச் செல்ல விரும்புவோர் அகலமான தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, புளிக்காய்ச்சலை நன்கு கலந்து, உலர்ந்த பாத்திரத்தில் அடைக்க வேண்டும். சூடாகவே மூடி வைத்தால் உள்ளே நீர் கோத்து, சோறு விரைவில் கெடும். கடுங்கோடையில் இட்லி, புளியோதரை ஆகியவற்றையும் மறுநாள் பகலுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கட்டுச்சோற்றில் பெரும்பாலும் குறைவது காய்கறியும் பருப்பும். வெட்டாத வெள்ளரிக்காய், கொய்யா, ஆரஞ்சு, ஒரு பொட்டலம் வறுத்த கொண்டைக்கடலை அல்லது வேர்க்கடலை ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் அக்குறை நீங்கும். நிலையங்களில் வெட்டி விற்கப்படும் பழங்களைத் தவிர்த்து, நாமே தோலுரித்து உண்ணும் பழங்களைத் தேர்ந்தெடுப்பது நன்று.

வண்டியில் உணவு வாங்குவோருக்கு இன்று முன்னைவிட வாய்ப்புகள் மிகுதி. இந்திய ரயில்வே உணவு மற்றும் சுற்றுலாக் கழகத்தின் மின்வழி உணவுச் சேவையில், பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, வழியில் உள்ள குறிப்பிட்ட நிலையங்களில் இருக்கைக்கே உணவை வரவழைக்கலாம். நீரிழிவாளருக்கான உணவு, குழந்தை உணவு, சிறுதானிய உணவு ஆகியவற்றையும் வண்டிகளின் உணவுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள 2022 நவம்பரில் ரயில்வே வாரியம் அக்கழகத்திற்கு அனுமதி வழங்கியது. கட்டணத்திலேயே உணவும் அடங்கும் வண்டிகளில் முன்பதிவின்போதே உணவு வகையைத் தெரிவு செய்துவிடுவது நல்லது. ஆயினும், வண்டி தாமதமானால் உணவும் தாமதமாகும். ஆகவே, உணவு வேளைக்குரிய இன்சுலினை, உணவு கைக்கு வந்து சேர்ந்த பின்னரே செலுத்திக்கொள்ள வேண்டும். "இதோ வந்துவிடும்" என்ற சொல்லை நம்பி ஊசி போட்டுக்கொள்ளலாகாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். கழிப்பறைக்குச் செல்ல நேரும் என்று அஞ்சி, முதியோர், குறிப்பாகப் பெண்கள், பயணத்தில் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். இதனால் மலச்சிக்கல், தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று ஆகியவை ஏற்படுகின்றன. கழிப்பறைக்கு அருகில் உள்ள கீழ்ப்படுக்கையைத் தேர்ந்தெடுப்பது இதற்கு எளிய தீர்வு. பொட்டலப் பண்டங்களையும் தண்ணீர்ப் புட்டிகளையும் வாங்கும்போது, மூடியின் முத்திரை உடையாமல் உள்ளதா, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் உள்ளதா என்று பார்த்து வாங்குக.

முதல் இரண்டு நாட்கள்: விருந்தினர்

உபசரிப்பு நம் நாடு முழுவதற்கும் பொதுவான பண்பு. வற்புறுத்திப் பரிமாறுவது அதன் அடையாளம். இராஜஸ்தானத்தில் இதை 'மனுஹார்' என்றும், குஜராத்தில் 'ஆக்ரஹ்' என்றும் சிறப்புப் பெயரிட்டு அழைக்கின்றனர். வங்காளத்தில் மருமகனை அழைத்து விருந்து படைப்பதற்கென்றே ஜமாய் சஷ்டி என்ற நாள் உண்டு. நம் இல்லங்களிலும் "இன்னும் கொஞ்சம்" என்ற சொல் இல்லாத விருந்து ஏது? ஒருமுறை மறுப்பதை மரியாதைக்கான மறுப்பாகவே கருதிப் பரிமாறுவோர் மீண்டும் பரிமாறுவர்.

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தை அளித்த திருவள்ளுவர், 'மருந்து' என்னும் அதிகாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட குறட்பாக்களை உணவின் அளவு பற்றியே அமைத்துள்ளார். முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்பதையே அவர் வலியுறுத்துகிறார். விருந்தையும் அளவையும் அவர் பகைகளாகக் காணவில்லை. நாமும் அவ்வாறு காண வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாட்கள் விருந்தாகவே அமையும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்குள் ஒரு முறையை வகுத்துக்கொள்வதே உகந்தது. அதற்கு ஓர் எளிய அளவுகோல்: இந்த ஊரில், இந்த வீட்டில், இந்தக் கையால் மட்டுமே கிடைக்கும் உணவா இது? ஆம் எனில், சிறிதளவு எடுத்து, மெதுவாகச் சுவைத்து உண்ணலாம். எங்கும் எப்போதும் கிடைக்கும் பண்டம் எனில் தயங்காமல் விட்டுவிடலாம். குளிர்காலக் கொல்கத்தாவில் புதிய பேரீச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷை ஒன்று உண்பதற்குப் பொருள் உண்டு; அதனுடன் தட்டில் வைக்கப்படும் கடை பிஸ்கட்டையும் மிக்சரையும் உண்பதற்கு என்ன தேவை? கையிருப்பை அறிந்து செலவிடுவோர், அற்பமானவற்றில் பணத்தைக் கரைக்காமல் அரியதற்கு வைத்திருப்பதைப் போன்றதே இது.

மறுப்பதிலும் ஒரு முறை உண்டு. நோயின் வரலாற்றை உணவு மேசையில் விரித்துரைத்தால் உரையாடல் முழுவதும் நோயைச் சுற்றியே அமையும். அளிப்பதைப் பெற்றுக்கொண்டு, ஒரு வாய் உண்டு, சுவையைப் பாராட்டி, "மீதியை மாலையில் உண்கிறேன்" என்று எடுத்துவைப்பது இருவருக்கும் இனிது. சிறு தட்டைக் கேட்டுப் பெறுவதும், முதலில் காய்கறியையும் பருப்பையும் பரிமாறச் சொல்வதும், தட்டு முற்றும் காலியாகும் முன்னரே உண்பதை மெதுவாக்குவதும் பயன் தரும். காலியான தட்டைப் பார்த்துக் கை சும்மா இராது என்பது பரிமாறும் எவருக்கும் பொருந்தும்.

மூன்றாம் நாள் முதல்: குடும்பத்தவர்

நீண்ட நாட்கள் தங்குவோர் செய்யும் பெரும் பிழை, இறுதி நாள் வரை விருந்தினராகவே இருந்துவிடுவது. இரண்டு நாள் விருந்து உடலுக்கு ஒரு நிகழ்ச்சி. மூன்று வார விருந்து உடலுக்கு ஒரு வாழ்க்கைமுறை. மூன்றாம் நாள் முதல் அவ்வில்லத்தின் அன்றாட ஒழுங்கில் கலந்துவிட வேண்டும். காலையில் கடைக்குச் சென்று காய்கறி வாங்கி வருவது, ஒரு வேளை சமையலை ஏற்றுக்கொள்வது, கீரை ஆய்ந்து தருவது ஆகிய சிறு பணிகள் நடையும் தரும், சமையலில் உரிமையும் தரும், மருமகளின் சுமையையும் குறைக்கும்.

தட்டில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள் நல்ல வழிகாட்டி. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுவோருக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி என்று அது அளவு கூறுகிறது. இக்கணக்கில் உருளைக்கிழங்கு காய்கறியாகச் சேராது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வட இந்திய உணவு மேசையில் ஆலு பராத்தா, ஆலு மட்டர், பூரியுடன் உருளைக்கிழங்கு என்று வரும்போது, காய்கறி உண்டுவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உடலோ மாவுச்சத்தின் மீது மாவுச்சத்தைப் பெறுகிறது.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் சர்க்கரை தானாகக் குறையும் என்ற நம்பிக்கையும் நம்மவரிடம் பரவலாக உள்ளது. எண்ணிக்கை கூடினால் சப்பாத்தியும் சர்க்கரையை உயர்த்தவே செய்யும். நெய் தடவாத இரண்டு புல்கா, ஒரு கிண்ணம் பருப்பு, இரண்டு வகைக் காய், ஒரு கிண்ணம் தயிர் என்பது நல்ல பகலுணவு. அதே மேசையில் ஐந்து சப்பாத்தியும் ஊறுகாயும் உண்டால் மாற்றத்தால் பயனில்லை.

உப்பை இரத்த அழுத்தம் உடையோர் தனியே கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு. பிறர் சமையலில் உள்ள உப்பை நாம் குறைக்க இயலாது. ஆனால் ஊறுகாய், அப்பளம், நம்கீன், சாட் மசாலா ஆகியவற்றை விடுவது முழுக்க நம் கையில் உள்ளது. ஒன்றும் சொல்லாமலே குறைத்துக்கொள்ளக் கூடிய உப்பு இதுவே.

'நல்ல உணவு' என்று எண்ணி உண்பதும் சிலருக்குப் பொருந்தாது. வட மாநிலக் குளிர்காலத்தில் கடுகுக்கீரைக் கடைசல் நாள்தோறும் சமைக்கப்படும். உயிர்ச்சத்து கே நிறைந்த அக்கீரையை, இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்வோர் திடீரென மிகுதியாக உண்டால் மருந்தின் ஆற்றல் குறையக்கூடும். சிறுநீரகக் குறைபாடு உடையோருக்கு இளநீரும் வாழைப்பழமும் மருத்துவர் அனுமதியின்றி ஏற்றவையல்ல. இத்தகையோர் புதிய உணவுப் பழக்கத்தை மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

தேநீர்க் கோப்பையின் கணக்கு

பண்டிகை நாட்களில் ஒரே நாளில் மூன்று வீடுகளுக்குச் சென்று வருவது உண்டு. அன்று எல்லாருடைய கண்ணும் இனிப்புத் தட்டின் மீதே இருக்கும். ஒரு குலாப் ஜாமூனை மன உறுதியுடன் மறுத்த ஒருவர், அதன்பின் தேநீரை எண்ணாமல் அருந்துவார். கணக்கிட்டுப் பார்ப்போம். காலையிலும் மாலையிலும் தங்கும் வீட்டில் இரண்டு கோப்பை; சென்ற மூன்று வீடுகளில் மூன்று கோப்பை. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை, தேக்கரண்டிக்கு 4 கிராம் எனில், ஐந்து கோப்பையில் 40 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு துண்டு இனிப்பும் உண்ணாமலே அவ்வரம்பு கடந்துவிட்டது.

ஆதலால், சர்க்கரையில்லாத் தேநீர் என்பதை நீரிழிவு இல்லாதவரும் பயணக் காலத்தில் வழக்கமாக்கிக்கொள்ளலாம். சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ தேனோ சேர்ப்பதால் இக்கணக்கு மாறாது. அட்டைப்பெட்டியில் வரும் பழச்சாறும் இதில் சேர்ந்ததே. ஒவ்வொரு வீட்டிலும் உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் உறவினரோடு பேசிக்கொண்டே நடப்பது, உண்ட உணவால் சர்க்கரை திடீரென உயர்வதைத் தணிக்கும். உரையாடலுக்கும் அது ஏற்ற நேரம்.

விருந்தளிப்போர் கவனத்திற்கு

நாம் எல்லாரும் ஒருநாள் விருந்தினர், மறுநாள் விருந்தளிப்போர். ஆகவே இக்கடமைகள் இருபுறமும் உண்டு. வருவோரிடம், "என்ன மருந்து, எத்தனை மணிக்கு உணவு?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். முதியவர் தாமாகக் கேட்கத் தயங்குவார். எல்லாரும் வரட்டும் என்று பசியைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். மருந்து எடுத்துக்கொண்டவருக்கு அந்தக் காத்திருப்பே ஆபத்து. உடன் அமர்ந்து உண்ணும் இன்பத்திற்காக அவர் உணவைத் தாமதப்படுத்தாமல், அவருக்கு முதலில் பரிமாறிவிட்டு, நீங்கள் உண்ணும்போது அவரைப் பக்கத்தில் அமரச் செய்யலாம்.

'போதும்' என்ற சொல்லை முதல் முறையே ஏற்றுக்கொள்வது இன்றைய உபசரிப்பின் உயர்ந்த வடிவம். மேசையில் சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது, ஒரு காய்கறியையேனும் எண்ணெய் குறைத்துச் சமைப்பது, இனிப்புடன் நறுக்கிய பழத்தையும் வைப்பது ஆகியவை எவரையும் நோயாளியாக உணரச் செய்யாமல் எல்லாருக்கும் இடமளிக்கும் வழிகள்.

உடல் எச்சரித்தால்

திடீர் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும்பசி, குழப்பமான பேச்சு ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், அல்லது சோதிக்க வசதியில்லாமல் அறிகுறிகள் தெரிந்தால், மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை அல்லது குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் தெளிவு இல்லையெனில் மீண்டும் அவ்வாறே கொடுக்க வேண்டும். தெளிந்ததும் உணவு உண்ணச் செய்ய வேண்டும். லட்டு, சாக்லேட் ஆகியவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துமாதலால் அவை முதலுதவிக்கு ஏற்றவையல்ல. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை, அதில் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுவதுமாகக் கரைத்து, சிறிது சிறிதாக அருந்த வேண்டும். 24 மணி நேரத்திற்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காவிடில், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து பயன்படுத்தலாம். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைதல் ஆகியவை தெரிந்தால் மருத்துவரை நாடுவதில் தாமதம் கூடாது.

நினைவில் கொள்ள

• மருந்துகள், மருத்துவர் சீட்டின் நகல், சர்க்கரை சோதிக்கும் கருவி, குளுக்கோசு, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

• உங்கள் உணவு நேரத்தைப் புறப்படும் முன்னரே உறவினரிடம் தெரிவியுங்கள்.

• வழியுணவு புளிப்பானதாக அல்லது உலர்ந்ததாக இருக்கட்டும். காயும் பழமும் உடன் இருக்கட்டும்.

• உணவு வேளைக்குரிய இன்சுலின், உணவு கைக்கு வந்த பின்னரே.

• அரியதைச் சிறிது சுவையுங்கள். எங்கும் கிடைப்பதை விட்டுவிடுங்கள்.

• தேநீர்க் கோப்பைகளை எண்ணுங்கள்.

• மூன்றாம் நாள் முதல் விருந்தினர் நிலையிலிருந்து குடும்பத்தவர் நிலைக்கு மாறுங்கள்.

உறவினர் இல்லம் செல்வது அவர்களோடு இருப்பதற்காக. உடல் நலமாக இருந்தால்தான் பேரக்குழந்தையுடன் பூங்காவிற்கு நடக்கவும், இரவு நெடுநேரம் பேசி மகிழவும் இயலும். முன்கூட்டிய ஒரு தொலைபேசி அழைப்பும், சிறிதளவு திட்டமும், பரிமாறுவோரின் சிறிதளவு புரிதலும் இருந்தால், விருந்தும் நலமும் ஒரே தட்டில் அமையும்.